ஆணி அடிக்கக் கூடாத வீடு

அங்கமுத்துவின் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனங்கள் இருந்தன. எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய், ஒரே வேப்பமரம், ஒரே சட்டம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டம். பனியன் கம்பெனிகளை நம்பித் திருப்பூருக்கு வந்து, ஒற்றை அறைக்குள் அடுப்பையும் படுக்கையையும் பிள்ளைகளின் பள்ளிப் பையையும் அடுக்கி வாழத் தெரிந்தவர்கள் யாரும் இந்தச் சட்டத்தைக் கேட்டுத் திகைப்பதில்லை. சாவியை வாங்கும்போது தலையாட்டுவார்கள். நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுவார்கள். பிறகு, பக்கத்துக் கூடத்தில் விசைத்தறி ஓடத் தொடங்கும் வரை காத்திருந்து, அம்மிக் குழவியைக் கையில் எடுத்து, தறி ஒரு முறை அடிக்கும்போது தாங்களும் ஒரு முறை அடித்து, தறியின் சத்தத்துக்குள் தங்கள் சத்தத்தை ஒளித்து வைத்து ஆணி அடிப்பார்கள்.

மூன்றாவது அறையில் இருந்த செவ்வந்தியும் அப்படித்தான் அடித்தாள். கல்யாணமாகி வந்த வாரத்தில் கண்ணாடி மாட்ட ஓர் ஆணி. மகள் தர்ஷினி பிறந்தபோது, எறும்பு ஏறாமல் மருந்துப் பையைத் தொங்கவிட ஓர் ஆணி. கணவன் கதிர்வேலுக்கு ஓவர்டைம் நிறையக் கிடைத்த ஒரு தீபாவளிக்கு வாங்கிய கடிகாரத்துக்கு ஓர் ஆணி. அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்த வருடம் அவர் போட்டோவுக்கு ஓர் ஆணி. கடைசியாக, வாசலைப் பார்த்த சுவரில், மளிகைக்கடைக்காரர் கொடுக்கும் தினசரிக் காலண்டருக்கு ஒரு பெரிய ஆணி. அங்கமுத்து வாடகை வாங்க வரும்போது கண்ணாடியின் மேல் துண்டும், மருந்துப் பை இருந்த இடத்தில் சேலையும் கிடக்கும். அங்கமுத்துவும் துண்டையும் சேலையையும் பார்த்துவிட்டு, விட்டத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருடமும் வீடு நின்றது இப்படித்தான்.

அந்த வருடம் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றுபோயின. செவ்வந்தி ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்த கம்பெனியின் ஷட்டர் ஒரு திங்கட்கிழமை பாதி மட்டும் திறந்தது, அடுத்த திங்கட்கிழமை திறக்கவே இல்லை. கதிர்வேல் பார்த்த கட்டிங் வேலையும் அதோடு போயிற்று. அவன் சந்தைக்கு மூட்டை தூக்கப் போனான். அதில் அரிசி வந்தது, வாடகை வரவில்லை. சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் அங்கமுத்து வந்து வாசற்படியில் நின்றார். முழங்கால் வலிக்காரர், எப்போதும் வாசற்காலைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

"அம்மிணி, வார ஞாயித்துக்கெழம காலி பண்ணிக் குடுத்துரு."

"ஏனுங்கண்ணா, புள்ளைக்குப் பத்தாவது பரீட்சை வருதுங்க. அது முடியற வரைக்குமாச்சும் விடுங்க."

"எனக்கு மட்டும் ஆசையா? இந்த லைனைக் கட்ட வாங்குன கடனுக்குப் பேங்க்காரன் போன் பண்ணாத நாளே இல்ல. குடோன் போட எடம் வேணும்னு ஒருத்தன் வேற வந்து நிக்கறான். உனக்குக் கம்பெனியை மூடிட்டாங்க. எனக்குப் பேங்க்கை மூடுவாங்களா?"

போகத் திரும்பிய அங்கமுத்து, எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வதை அவரும் சொன்னார். "ஆணி கீணி அடிச்சிருந்தா எல்லாத்தையும் புடுங்கி, ஓட்டைய அடைச்சுட்டுப் போ."

"ஆணியா? நாங்க எங்கீங்க அடிச்சோம்?" என்றாள் செவ்வந்தி, காலண்டருக்கு முன்னால் நகர்ந்து நின்றுகொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், அவள் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். குறடு கொடுத்தவள் நான்காவது அறையில் இருந்த பேச்சியம்மா. அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எவ்வளவு வருத்தமென்றாலும் வாய் ஓயாது.

"ஏட்டி, ஓட்டையில வெள்ளப் பேஸ்ட்ட வையி. செவப்புப் பேஸ்ட்ட வச்சு மாட்டிக்கிட்டவ நானு. சொவரு பல்லு வெளக்குதான்னு கேட்டாம்லா பழைய வீட்டுக்காரன்."

செவ்வந்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடி ஆணியைப் பிடுங்கினாள். மருந்துப் பை ஆணியையும் கடிகார ஆணியையும் அப்பாவின் ஆணியையும் பிடுங்கி, ஒவ்வொரு ஓட்டையிலும் பேஸ்ட்டைப் பிதுக்கி, விரலால் வழித்துவிட்டாள். கடைசியில் காலண்டர் ஆணி. அது சுலபத்தில் வரவில்லை. கதிர்வேலும் வந்து குறட்டைப் பிடித்து இழுத்தான். ஆணி வெளியே வந்தபோது சுவர், நெடுநேரம் மூச்சை அடக்கி வைத்திருந்த பிள்ளை மூச்சு விடுவதுபோல, ஒரு பெருமூச்சு விட்டது. பழைய சுண்ணாம்பு உதிரும் சத்தம் என்று நினைத்து, அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டு, சாவியை அங்கமுத்துவின் கையில் கொடுத்து, தலையில் ஒரு மூட்டையுடன் செவ்வந்தி வெளியே நடந்தாள். அவளுக்குப் பின்னால் கதிர்வேல் கட்டிலும் பீரோவும் ஏற்றிய வண்டியைத் தள்ளினான். அவனுக்குப் பின்னால் தர்ஷினி புத்தகங்களைச் சுமந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த அறை வந்தது.

அதற்குக் காலும் இல்லை, சக்கரமும் இல்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறவளின் நிதானத்தோடு, நான்கு சுவரும் ஓட்டுக்கூரையும் பச்சைக் கதவுமாக அது வந்தது. லைனின் கேட்டுக்கு அகலம் போதவில்லை. சற்று முன் பீரோவைப் பக்கவாட்டில் திருப்பித்தான் வெளியே கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல அறையும் பக்கவாட்டில் திரும்பி, எங்கும் உரசாமல், தெருவுக்கு வந்து நின்றது. லைனில் இரண்டாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் நடுவே, பல் விழுந்த இடம்போல, வெளிச்சம் தெரிந்தது.

குழாயடியில் இருந்தவர்கள் குடத்தை எடுக்க மறந்து பார்த்தார்கள். குடம் நிறைந்து வழிந்ததும், தண்ணீர் நின்றுவிடுமே என்று நினைவு வந்து, அடுத்த குடத்தை வைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். பேச்சியம்மா தன் சுவரின் மறுபக்கத்தை முதன்முதலாக வெயிலில் பார்த்தாள். அங்கே காற்று நன்றாக வந்தது. சாயங்காலத்துக்குள் அவள் அந்த இடைவெளியில் கொடி கட்டித் துணி உலர்த்தத் தொடங்கிவிட்டாள். அறுந்து தொங்கிய கரண்ட் ஒயரை மின்வாரியத்துக்காரர் வந்து பார்த்து, டேப் சுற்றிவிட்டு, "வூடு திரும்பி வந்துச்சுன்னா சொல்லுங்க, இழுத்துக் குடுத்தர்றேன்" என்று சொல்லிப் போனார்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டைக் காணாமல் நின்றவர் அங்கமுத்து ஒருவர்தான். பிறகு அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி அறையின் பின்னால் ஓடினார். "நில்லு அம்மிணி. இது என்ற வூடு."

"நான் கூப்புடலீங்கண்ணா. அதுவா வருது."

"அப்ப நில்லுன்னு சொல்லு அதுகிட்ட."

செவ்வந்தி சொன்னாள். அறை நின்றது. அவள் நடந்தாள். அறையும் நடந்தது. கதிர்வேல் சற்று யோசித்துவிட்டு, கட்டிலையும் பீரோவையும் மறுபடி அறைக்குள் இறக்கினான். "பின்னாடியேதான வருது. வண்டிக்கு எதுக்கு தண்டமா வாடகை?" என்றான்.

அன்று பகல் முழுவதும் அறையை உட்கார வைக்க இடம் தேடி அலைந்தார்கள். ஓடைக்கரையில் நின்றால், அது தன் இடம் என்று ஒருவர் வந்தார். மைதானத்தில் நின்றால், அது பந்தாடும் இடம் என்று பையன்கள் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றபோது போலீஸ்காரர் ஒருவர் வந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யார் வீடு இது?" என்று கேட்டார்.

"என்றதுங்க, பட்டா என்ற பேர்ல இருக்குது" என்றார் அங்கமுத்து.

"குடியிருக்கறது நாங்கங்க" என்றாள் செவ்வந்தி.

போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து எங்கயாச்சும் ஓரிடத்துல நிறுத்துங்க. இங்க நிறுத்தக் கூடாது" என்றார்.

பார்க்கப்போனால் அறைக்கும் உட்கார ஆசைதான். எங்கே நின்றாலும் அது மெல்லத் தாழ்ந்து, தரையைத் தொட்டுப் பார்த்து, பிடிமானம் இல்லாமல் மறுபடி எழும்பிக்கொண்டது. உள்ளே தர்ஷினி, பரீட்சை நெருங்கி வந்ததால், சுவரில் சாய்ந்துகொண்டு சமூக அறிவியல் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "மாநிலத்தில் சட்டங்களை இயற்றுவது சட்டமன்றம். மக்களின் தேவைகளை அறிந்து புதிய சட்டங்களை இயற்றவும், பழையவற்றைத் திருத்தவும் அதற்கு அதிகாரம் உண்டு." அந்த வரி மனதில் நிற்காததால் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அறை, வேலை செய்யும் பெண்கள் ரேடியோவில் பிடித்த பாட்டு வந்ததும் கையை நிறுத்திக் கேட்பதுபோல, அசையாமல் நின்று கேட்டது. பிறகு வாசலை வடகிழக்கே திருப்பிக்கொண்டு, முதல் முறையாகச் செவ்வந்திக்கு முன்னால் நடக்கத் தொடங்கியது.

"எங்கடி போகுது இது?" என்றாள் செவ்வந்தி.

"மெட்ராஸுக்கும்மா" என்றாள் தர்ஷினி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

இப்படித்தான் ஒரு வாடகை அறை நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்தது. லாரி ஓட்டுநர்கள் அதற்கு இடதுபுறம் வழி விட்டார்கள். பின்புறச் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு கட்டச் சொல்லிப் போக்குவரத்துப் போலீசார் அறிவுரை கூறினார்கள். கதிர்வேல் தர்ஷினியின் பழைய சிவப்பு ரிப்பனைக் கட்டினான். சுங்கச்சாவடியில், வீட்டுக்குக் கட்டணம் எந்தக் கணக்கில் வரும் என்று தெரியாமல் ஊழியர்கள் கூடி நின்று பேசினார்கள்.

"சக்கரம் இல்லீங்க. வண்டின்னு எப்படிங்க சொல்றது?" என்றான் கதிர்வேல்.

"நடந்து போறவங்களுக்குக் கட்டணம் இல்ல. இது நடந்துதான போவுது?" என்றாள் கட்டண அறையில் இருந்த பெண். பெரிய லாரிகளுக்கான அகலமான வழியைத் திறந்துவிட்டாள். அறை அவளைக் கடந்தபோது, அவள் வெளியே சாய்ந்து, அதன் சுவரை உள்ளங்கையால் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளும் வாடகை வீட்டில் இருப்பவள்தான்.

வழியில் உள்ள ஊர்க்காரர்கள் கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். ஒரு கடைக்காரர் பூசணிக்காய் உடைத்தார். இதையெல்லாம்விட அதிகமாக எல்லா ஊரிலும் ஒன்று நடந்தது. யாராவது ஒருவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "வீடு காலியா? அட்வான்ஸ் எவ்வளவு? தண்ணி வருமா?" என்று கேட்டார்.

"ஆள் இருக்கறாங்க" என்று பதில் சொன்னவர் அங்கமுத்து. முதல் முறை சொல்லிவிட்டு அவரே சற்றுத் திகைத்துப் போனார்.

அவர் தன் சொத்தை விட்டுப் போக முடியாமல் கூடவே நடந்தார். முழங்கால் வீங்கியபோது செவ்வந்தி அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அத்தனை வருடத்தில் அவர் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. தட்டில் சோறும் ரசமும் வந்தன. சாப்பிடும்போது எதிர்ச் சுவரில் பேஸ்ட் அடைத்த வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன.

"நாங்க எங்க ஆணி அடிச்சோம்னு சொன்ன" என்றார்.

"நீங்க மட்டும் பாக்காத மாதிரி இருந்தீங்க" என்றாள் அவள், இன்னொரு கரண்டி ரசம் ஊற்றி.

சேலத்தைத் தாண்டிய ஒரு விடியற்காலையில், பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டுச் செவ்வந்தி திரும்பினாள். கொலுசுப் பட்டறைகள் இருந்த ஒரு சந்திலிருந்து இன்னோர் அறை, கூரையில் ஒரு பூனையுடன், வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு கிழவரும் பின்னால் ஒரு வீட்டுக்காரம்மாவும் நடந்தார்கள். ஆத்தூரில் ஒரு மாடி அறை, மாடிப்படியோடு சேர்ந்து வந்தது. உளுந்தூர்பேட்டையில் மூன்று அறைகள் நெடுஞ்சாலை ஓரத்தில் ஏற்கெனவே வந்து, பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றிருந்தன. அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். மஞ்சள் சுவரும் நீலச் சுவரும், தகரக் கூரையும் சிமெண்ட் கூரையும், சமைத்துக்கொண்டே வரும் அறையும் குழந்தை அழும் அறையும், பனி மூட்டத்தில் ஜன்னல் வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு முழு ஊர் எழுந்து அமைதியாகத் தன் வேலைக்குப் போவதுபோல் போயின. ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் குடியிருப்பவரும் வீட்டுக்காரரும் நடந்தார்கள். முதலில் சண்டை போட்டுக்கொண்டு நடந்தவர்கள் செங்கல்பட்டு வருவதற்குள் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, நெற்றியில் கை வைத்து, அந்த வரிசை கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார்கள்.

சென்னையில், சட்டமன்றத்துக்கு முன்னால் இருந்த சாலை நெடுக அறைகள் வந்து நின்றன. எதிரே கடல் இருந்தது. அலை கேட்கும் தூரத்தில், தரையைத் தொடாமல், பொறுமையாக, எல்லா வாசல்களும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. காவலர்கள் தடுப்புகளை வைத்தார்கள். அறைகள் தடுப்புகளை இடிக்கவில்லை. அவை சத்தமும் போடவில்லை. நின்றன, அவ்வளவுதான்.

பகல் உணவு இடைவேளையில் உறுப்பினர்கள் வெளியே வந்தார்கள். திருப்பூர்ப் பக்கத்துத் தொகுதிக்காரரான தமயந்தி என்ற உறுப்பினர் பச்சைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். தன் தொகுதி வீடு, பதில் சொல்ல வேண்டியவர் தான் என்று அவருக்குத் தெரிந்தது.

"உள்ள வாங்கம்மா. வெயில்ல நிக்காதீங்க" என்றாள் செவ்வந்தி.

தமயந்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் போனார். ஆளும் கட்சிக்காரரும் எதிர்க் கட்சிக்காரரும், அமைச்சர்களும், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வருடமாக வாய் திறக்காதவரும் போனார்கள். வாசலில் செருப்புகளும் ஷூக்களும் குவிந்தன. ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் நடக்க இடமில்லாத அந்த அறையில் சட்டமன்றம் முழுவதும் உட்கார்ந்த பிறகும் பக்கத்தில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஓடுகளுக்கு நடுவே இருந்த கண்ணாடித் துண்டு வழியாக வெயில் இறங்கி எல்லோர் முகத்திலும் ஒன்றுபோல் விழுந்தது. செவ்வந்தி அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு சின்னக் குண்டாவில் போட்ட டீ எல்லோருக்கும் வந்தது.

தமயந்தி சுவரில் இருந்த வெள்ளைப் பொட்டை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "பேஸ்ட்டா?" என்றார். "எங்கம்மா சோப்பு வச்சு அடைப்பாங்க."

"எங்க வீட்ல சோத்துப் பருக்கை. எறும்பு வந்து காட்டிக் குடுத்திரும்" என்றார் எதிர்க் கட்சிக்காரர் ஒருவர்.

"சாக்பீஸ். எங்கப்பா வாத்தியாரு" என்றார் ஓர் அமைச்சர்.

சிரிப்பு எழுந்தது. சோப்பும் மெழுகும் மைதா மாவும் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தன. சிரித்தபடியே ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்தார்கள். அங்கே, பேஸ்ட் பொட்டுகளுக்கு நடுவே, அவரவர் அம்மா அடைத்த ஓட்டை அவரவருக்குத் தெரிந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. கடைசியில், அதுவரை பேசாமல் இருந்த ஒருவர், "எங்க வீட்ல குடியிருந்தவங்ககிட்ட ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னவங்க நாங்க" என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா. என்ன வேணும்?" என்றார் தமயந்தி.

செவ்வந்தி பேசிப் பழகியவள் இல்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"வேலை போனா வேலை தேடறமுங்க. அதுக்கு நிக்கறதுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்க? வேலையும் வீடும் ஒரே மாசத்துல போகக் கூடாதுங்க. மறுபடி வேலை கெடைக்கற வரைக்கும் வாடகைக்கு அரசாங்கம் கொஞ்சம் கை குடுத்தா, நாங்க இருந்துக்குவோம். சும்மா வேண்டாமுங்க, இருந்து உழைப்போம். காலி பண்ணச் சொல்றதா இருந்தாலும், காரணம் சொல்லி, போதுமான அவகாசம் குடுத்துச் சொல்லட்டும். பரீட்சை எழுதற புள்ளையத் தெருவுல நிறுத்தக் கூடாதுங்க."

எல்லோரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். அவர் மறுத்துப் பேசப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நானும் அதையேதானுங்க கேக்கறேன். இந்த அம்மிணிய வெளிய போகச் சொன்னது நான்தான். சொல்லிட்டு அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. வாடகை வல்லைன்னா என்னைப் பேங்க்காரன் வெளிய போகச் சொல்லுவான். நீங்க இவங்களுக்கு வாடகைக்கு உதவி பண்ணுனா, அது என்ற கைக்குத்தானுங்க வருது. ஒரு உதவி, ரெண்டு வூடு நிக்கும். எங்க ரெண்டு பேத்தையும் மோத விட்டுட்டு நீங்க பாத்துட்டு இருந்தா எப்படிங்க?"

உறுப்பினர்கள் டம்ளர்களைக் கழுவி வைக்கப் பார்த்தார்கள். செவ்வந்தி விடவில்லை. ஒவ்வொருவராக வெளியே வந்து, குவியலில் தங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மன்றத்துக்குத் திரும்பினார்கள். அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் அங்கே நடந்த பேச்சு நீண்டது. பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டார்கள், ஏமாற்றுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் கேட்டவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே அறைகள் நின்றன. ஒன்றின் வாசலில் யாரோ கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தரையைத் தொடாத வாசலில், காற்றில், வெள்ளைக் கோடுகள் கலையாமல் நின்றன.

வாக்கெடுப்பு நடந்த நேரத்தில் தர்ஷினி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மன்றத்துக்குள் கைகள் உயர்ந்தபோது வெளியே சத்தம் எதுவும் கேட்கவில்லை. அறைகளுக்கு மட்டும் கேட்டது. எல்லா அறைகளும், ஓர் அலை திரும்புவதுபோல, ஒன்றாகத் திரும்பி, தங்கள் தங்கள் ஊர்களைப் பார்த்து நின்றன. தமயந்தி படிகளில் ஓடி வந்து சட்டம் நிறைவேறிய செய்தியைச் சொன்னபோது, "தெரியுமுங்க" என்றான் கதிர்வேல். "வூடு கெளம்பிருச்சுங்க."

பரீட்சைக்கு முன்னால் அவர்கள் திருப்பூர் வந்து சேர்ந்தார்கள். பேச்சியம்மா கொடியிலிருந்து துணிகளை எடுத்தாள். "போச்சு, நல்லாக் காத்து வந்துச்சு எனக்கு" என்று சலித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அறை பக்கவாட்டில் திரும்பிக் கேட்டுக்குள் நுழைந்து, இரண்டாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் நடுவே, சரியாகத் தன் இடத்தில் பொருந்தியது. ஆனால் உட்காரவில்லை. கரையில் கட்டாத படகுபோல லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பில் வைத்த பால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

செவ்வந்திக்குப் புரிந்தது. காலண்டர் ஆணியை எடுத்தாள். அம்மிக் குழவியை எடுத்தாள். பேஸ்ட் காய்ந்து கிடந்த பழைய ஓட்டையில் ஆணியை வைத்தாள். வைத்துவிட்டு, கையை ஓங்கியபடி அசையாமல் நின்றாள்.

வாசலில் நின்ற அங்கமுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "எதுக்கு அம்மிணி நிக்கற?"

"தறி இன்னும் ஓட ஆரம்பிக்கலீங்கண்ணா."

அங்கமுத்து செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஆணியைத் தன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். சுவரின் மறுபக்கம் பேச்சியம்மா பேச்சை நிறுத்தியிருந்தாள். குழாயடியில் இருந்தவர்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

"இனி எதுக்குத் தறி?" என்றார் அவர். "சத்தமாவே அடி."

அவள் அடித்தாள். வீடு தரையில் உட்கார்ந்தது. அடுப்பில் பால் நேராகி, பொங்கி, நான்கு பக்கமும் ஒன்றுபோல் வழிந்தது.